இரண்டு பலூன்களில் ஒன்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். உன் அப்பாவைப் பற்றி அப்படி ஒரே வார்த்தையில் எழுத முடியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்களே, அது இருக்கிற இடத்திலேயே குழாய் மறுபடி சுருங்கிவிட்டதாம். பாதிப் படி ஏறியதும் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றுவிடுகிறார். நான் நம்பிவிட்டேன் என்று அவருக்கு நினைப்பு.

மருந்து பூசிய பலூனை உள்ளே விட்டு விரித்தால் சரியாகுமாம். அதில் இரண்டு வகை. ஒன்றில் பழைய மருந்து, ஒன்றில் புது மருந்து. எது மேல் என்று ஒப்பிடும் ஆய்வில் இவரைச் சேரச் சொல்கிறார்கள். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குமாம், எதை வைத்தார்கள் என்று நமக்குச் சொல்லவும் மாட்டார்களாம். உங்கள் அப்பாவாக இருந்தால் எதை வைப்பீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். தெரிந்தால் ஆய்வே தேவையில்லையம்மா என்கிறார். தெரியாதவரிடமா நெஞ்சைக் கொடுப்பது?

துணி ஆலையில் இருபது வருஷம் குறை பார்த்தவள் நான். ஆய்வில் சேரும் படிவத்தில் ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்று மூன்று இடத்தில் போட்டிருக்கிறது. ஒன்றையே மூன்று தடவை சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. சேராவிட்டாலும் பழைய மருந்துப் பலூனை வைத்து வைத்தியம் செய்வார்களாம். பின்னே எதற்குச் சேர வேண்டும்? நான் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் உன் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆய்வுப் பிரிவு நர்ஸ் ஒருத்தி வாய் நிறைய அப்பா அப்பா என்று சுற்றி வருகிறாள். அவள்தான் மயக்கியிருப்பாள் என்று நினைத்தேன்.

நேற்று விடாமல் துருவினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சேர்ந்தா ஆறு மாசத்துக்கு ஒருதடவை அந்தப் பொண்ணு போன் பண்ணி, எப்படி இருக்கீங்கப்பான்னு கேக்குமாம். அஞ்சு வருஷத்துக்குக் கேக்குமாம்.”

நீ பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை உள்ளே கொண்டுபோகிறார்கள். போனில் அவர் கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று படிவத்தில் கேட்ட இடத்தில் உன் நம்பரை எழுதியிருக்கிறார். புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடு. அப்பா எப்படி இருக்கிறார் என்று உன்னைக் கேட்பார்கள். அன்றைக்கு உனக்குப் பதில் தெரிந்திருக்கட்டும், கண்ணே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா