பதினோரு பேருக்கும் ஒரே பிறந்தநாள்

மகளே,

அகாதிர் நகரத்துக்குப் போய் நாலு வருஷமாக நீ ஒரு வரியும் எழுதவில்லை. நானும் அதைக் கேட்கப்போவதில்லை. இது நானே கற்ற எழுத்து, பிழை தேடாதே.

நம் மலைப் பெண்கள் பதினோரு பேர் இப்போது கீழூர் நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். பனியில் தனியாக அனுப்பமாட்டோம் என்றார்கள் தாய்மார்கள். கோவேறு கழுதையோடு தினமும் நான்தான் கூட்டிப்போகிறேன்.

குளிர்காலத்தில் வந்த அதிகாரி பதிவேட்டைப் பார்த்துக் கத்தினார்: "பதினோரு பேரும் ஜனவரி ஒண்ணுலயா பொறந்தாங்க? எல்லாம் பொய்ப் பேரு, அடிச்சிருங்க!"

நான் சொன்னேன்: "பனி உருகி பாதை தெறந்தப்புறம்தான் பொறப்பைப் பதிய வருவோம், ஐயா. பொறந்த நாள் தெரியாதப்போ ஜனவரி ஒண்ணுன்னு போட்டது உங்க ஆளுங்கதான். பொய்ப் பேரான்னு ஒரு கணக்குக் குடுத்துப் பாருங்க."

கொடுத்தார். அவர் பேனா மூடி திறப்பதற்குள் நம் பெண்களில் ஒருத்தியான இத்தோ விடை சொல்லிவிட்டாள். பெயர்கள் தப்பின.

நேற்று பள்ளி வாசற்கதவில் தேர்வு முடிவு ஒட்டினார்கள். முதல் பத்தில் ஆறு நம் பெண்கள். நானே உரக்கப் படித்தேன்.

அன்று உன்னைப் பள்ளிக்கு அனுப்பாதது சரிதான். பத்து கிலோமீட்டர் பனி, கூட்டிப்போக ஆளில்லை.

உன் பள்ளிப்பையை இத்தோவுக்குக் கொடுத்துவிட்டேன். புத்தம் புதிதாகவே இருந்தது.

உன் அப்பா