அடுத்த வீட்டுக்கென்று கேட்டது

ஒக்டோபர் 21, 2023

இன்று மாதாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் நிரோஜா வீட்டுக்குக் கொண்டுபோனோம். செபமாலை மாதம் முழுக்க எங்கள் தமிழ்ப் பங்குக் கோவிலின் மாதா சுரூபம் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டுக்குப் போகும். ஏற்றி இறக்குவதும் செபம் சொல்வதும் என் பொறுப்பு. மாதா முன்சீற்றில், பெல்ட் போட்டு. கிறேஸ் பின்சீற்றில். "கலியாணம் கட்டின நாளிலையிருந்து முன்னுக்கு இருக்கிறன், ஒக்டோபர் வந்தால் பின்னுக்குத் தள்ளிப்போடுவியள்" என்று பாலம் முடியும்வரை முணுமுணுத்தாள்.

கடைசியில் வழக்கமான மன்றாட்டு: "ஆண்டவரே, இந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை உம்முடைய பணிக்கு எடுத்துக்கொள்ளும்." நிரோஜாவின் பெடியள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தாய்க்காரி அவசரமாக ஆமென் சொல்லிவிட்டு ரோல்ஸ் பொரிக்க எழும்பிவிட்டாள். சுவாமியாராகவோ கன்னியாஸ்திரியாகவோ என்றுதான் அர்த்தம், ஆனாலும் எந்த வீட்டிலும் இப்படித்தான். ஒருவரும் பயப்படுவதில்லை.

ரோல்ஸ் நன்றாக இருந்தது.

ஒக்டோபர் 31

கடைசி நாள் மாதா எங்கள் வீட்டுக்கு. ரொக்ஸ்பரோவில் எங்கள் தெரு கொள்ளாத கார்கள். றெக்ஸின் தாய் தகப்பனும் வந்திருந்தார்கள். எங்கள் மகள் மெலனிக்கு அந்தப் பெடியனைப் பேசிக்கொண்டிருக்கிறோம். கிறேஸ் கலியாண மண்டபம்கூடப் பார்த்துவிட்டாள்.

"இந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை" என்று சொல்லி முடித்த பிறகுதான் இது என் வீடு என்பது எனக்கு உறைத்தது. எங்களுக்கு இருப்பதே ஒரு பிள்ளை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். மெலனியின் ஆமென் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

நவம்பர் 4

எழுத மனமில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

சாப்பாட்டு மேசையில் மெலனி சொன்னாள். றெக்ஸ் வேண்டாமாம். வேறு ஒருவரும் வேண்டாமாம். ஆற்றங்கரையில் இருக்கும் தியான மடத்தில் சேரப் போகிறாளாம். உள்ளே போனவர்கள் வெளியே வராத மடம். மாதத்தில் ஒரு நாள் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கலாம்.

"கன நாளா மனசுக்குள்ளை வச்சிருந்தனான் அப்பா. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. அண்டைக்கு எங்கட வீட்டுக்காக நீங்களே கேட்டீங்கள்."

நான் கேட்டனானோ? ஓம், கேட்டனான். ஆனால் கேட்டது இப்பிடியோ? ஊரிலை எத்தினை பிள்ளையள் இருக்கு? நிரோஜாவுக்கு இரண்டு பெடியள். பல் வைத்தியரிட்டை நல்ல வேலை, சொந்தக் கார், வாய் நிறையச் சிரிப்பு — இந்தப் பிள்ளைதானோ ஆண்டவருக்குத் தேவை?

"உங்கட சம்மதமில்லாமல் போகமாட்டன்" என்றும் சொன்னாள். அதாவது ஒரு சொல் என் கையில் இருக்கிறது. நான் அந்தச் சொல்லைச் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 19

பங்குச் சுவாமியிடம் போனேன். பிள்ளைக்குப் புத்தி சொல்லுவார் என்ற நினைப்பு. முழுவதையும் கேட்டுவிட்டு, "மைக்கல் அண்ணை, இவ்வளவு வருஷமா வீடு வீடாப் போய் ஆர் கேட்டது?" என்றார்.

தேத்தண்ணீர் தந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

டிசெம்பர் 10

றெக்ஸின் தாயோடு கிறேஸே கதைத்துக் கலியாணப் பேச்சை நிறுத்திவிட்டாள். குரல் நடுங்கவில்லை. ரெலிபோனை வைத்துவிட்டு வெங்காயம் வெட்டப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்கு நோகவே இல்லையா என்று கேட்டேன்.

"நோகேல்லையெண்டு ஆர் சொன்னது? நான் அழுது முடிச்சுக் குடுத்திட்டன். நீங்கள் இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். அவள் இப்ப உங்கட முகத்தைப் பாத்துத்தான் சாப்பிடுறாள், தெரியுமோ?"

தெரியாது. இவ்வளவு நாளும் நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஜனவரி 7, 2024

மெலனி மெலிந்துவிட்டாள். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் சண்டை பிடிக்கலாம்.

பெப்ரவரி 6

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

காலையில் நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை எடுத்துக்கொண்டு இல்-பிசார் பாலத்தில் ஏறினேன். பிள்ளைகள் இன்னும் ஏறவில்லை. ஆறு உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. வழக்கம்போல ஆண்டவரோடு வாதாடிக்கொண்டு போனேன். ஒரு வாய்ப்பேச்சுக்குச் சொன்னதை இப்படிப் பிடித்துக்கொள்வதா, நான் என்ன நினைத்தா சொன்னேன் என்று.

அப்போதுதான் விளங்கியது. அவர் கேட்டிருக்கிறார்.

பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தி விளக்கை மினுங்கப் போட்டேன். ரோல்ஸ் மணத்தை மூக்கில் பிடித்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, பாதி நித்திரையில் நான் சொன்ன ஒரு வசனம். சொன்ன நானே கேட்கவில்லை. அவர் கேட்டார். இந்த ஆற்றையும் இந்த வெளிச்சத்தையும் உண்டாக்கியவர், பஸ் ஓட்டுகிற மைக்கலின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நான் உண்மையாக நம்பியிருந்தேனா? நம்பியிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? வாழ்நாள் முழுக்கச் செபம் சொன்னவன், இன்றைக்குத்தான் பயந்தேன். அடி விழும் என்ற பயம் இல்லை இது. மிகப் பெரிய ஒருவர் பக்கத்துச் சீற்றில் வந்து இருந்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி. முழங்காலில் நிற்க பஸ்ஸுக்குள் இடமில்லை. தொப்பியைக் கழற்றினேன்.

பிள்ளையைப் பற்றி ஒன்றும் பேச வரவில்லை. "என்னை என்ன செய்யப் போறீர்?" என்றுதான் வாயில் வந்தது. மனம் அடங்கிவிட்டது. அழுதேன். பேந்து பிள்ளைகளை ஏற்றப் போனேன். பிந்திவிட்டேன் என்று ஒரு தாய் பிரெஞ்சில் ஏசினாள். அவளுக்கும் merci என்று நன்றி சொன்னேன்.

பெப்ரவரி 7

மெலனியிடம் ஓம், சம்மதம் என்று சொன்னேன். அவள் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கிறேஸ் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள்.

ஓகஸ்ட் 14

இன்று கொண்டுபோய் விட்டோம்.

மடத்து உள்கதவுக்கு வெளியில் கைபிடி இல்லை. வருகிற பிள்ளை தானே தட்ட வேண்டும், உள்ளிருந்துதான் திறப்பார்கள். அது அங்கே முறை. கிறேஸ் அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுச் சுவரோடு தள்ளி நின்றாள்.

மெலனி கையைத் தூக்கினாள். தட்டவில்லை.

"பயமா இருக்கப்பா."

ஒன்பது மாதத்துக்கு முன்னர் இந்த ஒரு வார்த்தைக்காக நான் என்னவும் கொடுத்திருப்பேன். இன்று தானாக என் காலடியில் வந்து விழுந்தது.

"எனக்கும்தான்" என்றேன். "கார் வெளியிலை நிக்குது. வீட்டை போறதெண்டாலும் போவம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். நீ சொல்லு."

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரமும் நான் ஒன்றும் கேட்டுச் செபிக்கவில்லை, எதைக் கேட்பதென்றே தெரியவில்லை. அவள் நிமிர்ந்தபோது அந்த முகம் — அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் முகத்தில் நான் கண்டதில்லை. பெற்றவன் நான். ஆனாலும் அந்த முகம் என்னுடையது இல்லை என்று தெரிந்தது.

தட்டினாள். விரல் நுனியால் தட்டியதில் சத்தம் எழும்பவில்லை. இன்னொரு முறை தட்டினாள். உள்ளே ஒருவருக்கும் கேட்கவில்லை. சுவரோடு நின்ற கிறேஸ் ஓரடி முன்னுக்கு வந்தாள்.

மெலனி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, நீங்கள் தட்டுங்கோ."

தட்டினேன். பஸ் ஓட்டுகிறவனின் கை. மண்டபம் முழுக்க அதிர்ந்தது. உள்ளே காலடிச் சத்தம் வந்தது. கதவு திறந்தது.

வலது கை முட்டி இன்னும் நோகிறது. கிறேஸ் எண்ணெய் பூசவா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.