தார்ப்பாய் நிழலில் ஒரு வகுப்பு

அப்பா,

இன்று காலை சர்க்கரை டப்பாவுக்குள் அந்தப் பழைய ஸ்பூன் கிடந்தது. காம்பு வளைந்திருக்கும். உங்கள் கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்க நான் வளைத்தது. டீ ஆறும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வடக்கே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த உங்களைச் சிறுவயதில் பண்டிகைகளுக்குத்தான் பார்த்திருக்கிறேன். ஊரடங்கு வந்த வருடம்தான் நம் திருச்செங்கோட்டு வீட்டில் மாதக்கணக்கில் தங்கினீர்கள். என் பல் மருத்துவக் கல்லூரியும் மூடிக் கிடந்தது. பாடமெல்லாம் போனில்தான். சிக்னல் மொட்டை மாடியில் மட்டுமே கிடைத்ததால் வண்டித் தார்ப்பாயைக் கட்டி எனக்கு நிழல் செய்து கொடுத்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி நீங்களும் பாடம் கேட்பீர்கள்.

“ஏஞ்சாமி, ஒருத்தர் வாயையும் தொடாமயே டாக்டராயிருவே போல” என்று சிரித்தீர்கள். எனக்கும் அதே கவலைதான் இருந்தது.

வாய் நோயியல் எடுத்த மேடம் ஒருநாள், வீட்டில் உள்ளவர்களின் வாயைப் பரிசோதித்து கேமரா முன் காட்டச் சொன்னார். அம்மா கூச்சப்பட்டு கீழே இறங்கிவிட்டாள். நீங்கள் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தீர்கள். வளைத்த ஸ்பூனால் கன்னத்தை ஒதுக்கி, உதடு, கன்னம், அண்ணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். பிறகு துணியால் உங்கள் நாக்கைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தேன்.

ஓரத்தில், பின்னால், சிவப்பும் வெள்ளையுமாக ஒரு திட்டு. புத்தகத்தில் அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருந்தேன்.

“லைட்டைக் கொஞ்சம் கிட்ட கொண்டு போம்மா,” என்றார் மேடம். பிறகு உங்களிடம், “எரிச்சல் இருக்குதுங்களா ஐயா?”

“காரம் பட்டா எரியுமுங்க மேடம். ராத்திரி தூங்காம வண்டி ஓட்டறதுக்குப் பொகையிலை போடுவேனுங்க. அதுனால இருக்குமுங்க.”

மேடம் என்னிடம் கேமராவை அணைத்துவிட்டுத் தனியாக அழைக்கச் சொன்னார். நீங்கள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தீர்கள்.

“ஏங்கண்ணு, பாடம் அதுக்குள்ளார முடிஞ்சுதா?”

பஸ் இல்லாத நாட்கள். ஒரு வாடகைக் கார் பிடித்து, பாஸ் வாங்கி, சேலத்துக்குப் போனோம். சதையை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் என்னை அருகே கூப்பிட்டு, “உங்க மேடம்கிட்ட சொல்லு சாமி. எம்பட வாயைப் போட்டோ புடிச்சு புள்ளைங்களுக்குக் காட்டட்டும். பேரு மட்டும் வேண்டாமுன்னு சொல்லு” என்றீர்கள். உங்களிடமிருந்து நான் தெளிவாகக் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். பாதி நாக்கு போன பிறகு நீங்கள் பேசியது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே புரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் வகுப்பைக் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால், போனை எடு என்று கையால் அதட்டுவீர்கள்.

பிறகு தேறினீர்கள். கஞ்சியிலிருந்து குழைந்த சோறுவரைக்கும் வந்தீர்கள். கழுத்தில் அது திரும்பி வந்தபோதுதான் எங்களுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. நான் டாக்டரானதைப் பார்க்க நீங்கள் இருக்கவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை நாமக்கல்லில் லாரி நிறுத்துமிடத்துக்குப் போய் டிரைவர்களின் வாயைப் பார்க்கிறேன். வாயை நன்றாகத் திறப்பார்கள். நாக்கை நீட்டச் சொன்னால்தான் கூச்சப்படுவார்கள். துணியால் பிடித்து ஓரத்தைத் திருப்பும் அந்த ஒரு கணம் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது, அப்பா. இத்தனை பேரைப் பார்த்தும் அது பழகவில்லை.

“ஒண்ணுமில்லீங்கண்ணா, நல்லா இருக்குதுங்க” என்று சொல்லிக் கையை எடுக்கிறேன். அவர்கள் தலையாட்டிவிட்டு வண்டிக்குத் திரும்புகிறார்கள். உங்களிடம் சொல்லக் கிடைக்காத வார்த்தை அது. ஊரார் அப்பாக்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.