ஏலத்தில் எடுத்த பவுடர் டப்பா

பாய்,

இன்று காலை கடைக்குள் கற்பூரம் மணந்தது. நான் கற்பூரம் ஏற்றவில்லை. ஊசியை மெழுகுவர்த்தியில் காய்ச்சி அந்தப் பவுடர் டப்பாவின் அடியில் லேசாக வைத்தேன். நிஜத் தந்தம் என்றால் ஊசி இறங்காது, பல்லைச் சுட்டதுபோல ஒரு நாற்றம் வரும், அவ்வளவுதான். இதில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கி, குப்பென்று கற்பூரம் அடித்தது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் கற்பூரம் கலந்திருக்கும் என்று எனக்குச் சொன்னவனே நீதான். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று கூடவே என் முதுகில் ஒன்று வைத்தவனும் நீதான்.

உன் கண்மேல் எனக்குப் பொறாமை. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது, நீதான் போய்விட்டாயே. பழைய வீட்டுச் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற தொழில் இரண்டு பேருக்கும். நான் அரியலூர், நீ லெப்பைக்குடிக்காடு. உனக்குப் பொருளைக் கன்னத்தில் ஒரு தரம் வைத்தால் போதும். "தந்தத்துல கோடு ஒண்ணையொண்ணு வெட்டிக்கும் மாப்ள. நேரா ஓடுனா அது மனுசன் போட்டது" என்பாய். நான் பூதக்கண்ணாடி வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். கோடே தெரியவில்லை, என் கண்தான் வலித்தது.

உன் அத்தா மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நீ ஏலத்துக்குக் கொண்டுவந்தாய். நாம் ஒட்டி நிற்போம், கைகளின் மேல் உன் பச்சைத் துண்டு கிடக்கும். பெருவிரலைப் பிடித்தால் நான் எடுக்க வேண்டும், நடுவிரல் என்றால் நீ எடுப்பாய். சுண்டுவிரலை அழுத்தினால் இரண்டு பேருமே விட்டுவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை.

அரும்பாவூர்ப் பக்கம் அந்தப் பர்மாக்காரர் வீட்டு ஏலம் நினைவிருக்கிறதா? பேரன்கள் சென்னையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பியிருந்தார்கள். கைக்கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா என்று ஒரு செட்டு, பழுத்த வெள்ளையில். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று தெரியும், தெரிந்தும் ஊறியது. ஏலத்துக்கு முன்னால் சாமான் பார்க்கிற நேரத்தில் நீ வாட்ச்மேனிடம் தீப்பெட்டி கேட்டாய். பீடி சிகரெட் தொடாத ஆளுக்குத் தீப்பெட்டி எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த செட்டு வந்ததும் நீ என் சுண்டுவிரலை அழுத்தினாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய். சரிதான், என்னை விடவைத்துவிட்டு அப்புறம் தனியாக வந்து அமுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். நீ மறுபடியும் அழுத்தினாய், நகம் பதிகிற அளவுக்கு. நான் துண்டிலிருந்து கையை உருவி மேலே தூக்கினேன். தூக்கிய கையை இறக்கவே இல்லை. வீட்டுக்காரியின் சங்கிலி அன்று சாயங்காலமே அடகுக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் நீ வந்தாய். "மாப்ள, அதை என்கிட்ட குடுத்துடு. தந்தம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற. ஃபாரஸ்ட்காரன் காதுல விழுந்தா என்னா பண்ணுவ?"

"உன்ட்ட இருந்தா மட்டும் புடிக்கமாட்டானா?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ போட்டதை அப்படியே வாங்கிக்க. மொதல்ல தங்கச்சி சங்கிலியைத் திருப்பு."

பயத்தில் கொடுத்துவிட்டேன். உன் மொபெட் தெரு முனை திரும்புவதற்குள் என் வயிறு பற்றிக்கொண்டது.

அடுத்த வருஷம் நீ மாடி எடுத்தாய். உன் பிள்ளை துபாயில் சம்பாதித்து அனுப்பியதென்று ஊருக்கே தெரியும். நானோ ரயிலடி டீக்கடையில் உட்கார்ந்து, "என் தந்தம்தான்யா மாடியா எந்திரிச்சு நிக்குது, பாய் என் வாயில மண்ணைப் போட்டுட்டான்" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னேன். உன் மகள் நிக்காஹுக்கு வந்து கைநனைக்காமல் கிளம்பினேன். வாசல்வரை ஓடிவந்து "சாப்பிட்டுப் போ மாப்ள" என்றாய். காது கேட்காததுபோல பஸ் ஏறினேன். கேவலம் என்னவென்றால், உன் ஜனாஸாவைத் தூக்கும்போதுகூட, அந்த செட்டில் மிச்சம் ஏதாவது இருக்குமோ என்று என் கண் உன் பீரோமேல்தான் இருந்தது.

போன வாரம் உன் மகள் கடைக்கு வந்து, அந்த செட்டு இருந்த ஒரு துணிப்பையை வைத்தாள்.

"அத்தா இதை மாமாட்ட குடுக்கச் சொன்னாங்க. தான் இருக்கறவரைக்கும் குடுக்கக் கூடாதுன்னாங்க."

"ஏம்மா?"

"நானும் கேட்டேன் மாமா. 'அவன் என்னைத் திட்டிக்கிட்டாவது தொழில் பண்ணட்டும்'னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

எனக்கும் புரியவில்லை, இன்று காலை ஊசி வைக்கிறவரை. டப்பாவைத் திருப்பிப் பிடித்தபோது, நான் வைத்த தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஊசித் தடம் இருந்தது. பழையது, ஓரம் மஞ்சளாகியிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்தத் தீப்பெட்டி நினைவுக்கு வந்தது.

ஏலத்துக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது. பிளாஸ்டிக்கைத் தந்தமென்று எடுத்தவன் என்று பேர் வந்திருந்தால், அதற்கப்புறம் எந்த வீட்டுக்காரன் என்னை வாசற்படி ஏற்றியிருப்பான்? என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாலும், என் கண்மேல் நம்பிக்கை போய் நானே தொழிலை விட்டிருப்பேன். அதற்காக அத்தனையையும் கொட்டிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு, ஏமாற்றுக்காரன் என்கிற பேரையும் நீ எடுத்துக்கொண்டாய்.

மத்தியானம் டப்பாவோடு அதே டீக்கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். "பிளாஸ்டிக்குக்காய்யா இத்தினி வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" பிறகு டீ போடுகிறவர், "அட, பாய் அப்பேர்ப்பட்ட மனுசனாய்யா!" என்றார். அப்புறம் பேச்சு முழுக்க உன் புகழ்தான். நான் ஒருத்தன் அங்கே உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வயிற்றெரிச்சல்தான் வந்தது பாய். கண்ணையாவது இன்னும் பத்து வருஷம் பழக்கிப் பார்க்கலாம். உன் மனசுக்கு நான் எங்கே போவது?

உன் மகளிடம் அந்தப் பச்சைத் துண்டைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். வருகிற வாரம் பெரம்பலூரில் ஒரு வீட்டு ஏலம் இருக்கிறது. கொஞ்ச நேரம் முன்னால் துண்டைக் கைமேல் போட்டு, என் சுண்டுவிரலை நானே அழுத்திப் பார்த்தேன். நீ அழுத்திய அளவுக்கு வரவில்லை.