அடைத்துக் கட்டிய ஜன்னல்

1964 ஜூன் 8, திங்கள். கடலூர் ஓ.டி.

காலையிலிருந்து மேல்காற்று. வாசலெல்லாம் மண். சவுக்கு மிலாறு ஒரு கட்டு வாங்கினேன், பாதி ஈரம். விற்றவளோடு சண்டை. "காயப்போட்டு எரிம்மா, நான் என்னா கடல்ல முக்கியா எடுத்தாந்தேன்?" என்கிறாள். கொழுப்பு.

மகள் வசந்தாவுக்கு இன்று பள்ளிக்கூடம் திறந்தது. ஏழாவது. சமைத்து வைத்துவிட்டுத்தான் போனாள். வாசலில் நின்று ஒரே இருமல். கேட்டால் "தூசும்மா" என்றாள்.

எனக்கு மூச்சு தேவலை. மாசியில் இவர் சிதம்பரம் டாக்டரிடம் காட்டியதிலிருந்து தயிர் தொடவில்லை, பச்சைத் தண்ணீரில் குளிக்கவில்லை. "ஒடம்புல குளிர்ச்சியாம். நீ அடுப்படிப் பக்கமே போவாத, வசந்தா சமைக்கட்டும்" என்று இவர் சொன்னபோது உருகிப்போனேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் முதல் கரிசனம்!

9, செவ்வாய்

புளி, மிளகாய், தீப்பெட்டி 2, வ.வுக்குக் கோடு போட்ட நோட்டு. சிம்னிக் கண்ணாடி உடைந்தது (நான்தான்). கரண்ட் கம்பம் ரைஸ் மில்லோடு நின்றுவிட்டது. நம் தெருவுக்கு எப்போது என்றால் இவர், "வரும், வரும்."

வ.வுக்குக் கண் சிவந்திருக்கிறது. ஊதுகுழலைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடி, குனிந்து நின்று இருமுகிறாள். இருமி முடிக்கும்போது விசில் மாதிரி ஒரு இழுப்பு. அது என்னுடைய இழுப்பு. இவரிடம் சொன்னேன். "ஒம் பொண்ணுதானே, ஒன்ன மாதிரிதான் இருப்பா" என்றார் இவர். அப்படித்தான் இருக்கும்.

11, வியாழன். சிதம்பரம்

தங்கைக்குச் சீமந்தம். பாசஞ்சரில் வந்தோம், நானும் வ.வும். வளையல் அடுக்கி, சாப்பிட்டு முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் வ.வை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். என்னைப் பார்த்ததுமே, "என்னம்மா, அடுப்படி ஜன்னலத் தொறந்தாச்சா?"

"எந்த ஜன்னல் சார்?"

"ஒன் வீட்டுக்காரர் சொல்லலியா? பொகைதாம்மா ஒன் நோவு. ஜன்னலத் தொறங்க, இல்ல கிரசின் ஸ்டவ் வாங்குங்க, அதுவரைக்கும் ஒங்க சம்சாரம் அடுப்புகிட்ட போகக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

அன்றைக்கு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு இவரிடம்தான் பேசினார். ஆம்பளையிடம்தானே சொல்வார்கள்.

"தயிர்?" என்றேன்.

"தயிரா? தாராளமா சாப்பிடு."

வ. முதுகில் குழலை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். "இப்ப சமையல் யாரு?"

"நாந்தான் சார்" என்றாள் வ., பெருமையாக. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவி நான். அந்தச் சுவரிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

12, வெள்ளி. கடலூர்

சமைத்தது நான். இழுப்பு. இவரிடம் பேச்சில்லை. இவர் ஆபீஸ் போனதும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீடென்ன, ஒரே வீடுதான். ஆறு வருஷம் முன்பு இவரும் இவர் அண்ணனும் பாகம் பிரிந்தபோது நடுக்கூடத்தில் சுவர் எழுப்பினார்கள். எங்கள் அடுப்படி ஜன்னல் அண்ணன் பங்கு முற்றத்தைப் பார்க்கிறதென்று செங்கல் வைத்து அடைத்தார்கள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மூத்தார் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுக் கும்பிட்டேன். "அக்கா, அந்த ஜன்னல மட்டும் தொறக்க உடச் சொல்லுங்க மாமாகிட்ட."

முறத்தை வைத்துவிட்டு விழித்தாள். "என்னாடி சொல்ற? நீ இருமுறது எங்களுக்குக் கேக்காதா? மாசியிலயே இவரு ஒங்க வாசலுக்கு வந்து, 'தொறந்துக்கடா, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்'னு சொல்லிட்டுத்தானே வந்தாரு. ஒன் ஊட்டுக்காரருதான், 'ஒன் முத்தத்துக் காத்து எங்களுக்கு வேணாம்'னுட்டாரு."

பிறகு காபி போட்டாள். குடித்தேன்.

13, சனி

இவரிடம் கேட்டுவிட்டேன். கையில் பேப்பர், அதை மடிக்கக்கூட இல்லை.

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவானுங்க."

"மாமா வந்து சொன்னது?"

"அவன்கிட்டப் போயி நான் பல்ல இளிக்கணுமா?"

"வசந்தா?"

"ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் அடுப்பு ஊதலியா?"

பொய் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். விஷயம் தெரிந்துகொண்டே என் குழந்தையை அங்கே உட்காரவைத்து, அவள் வடித்த சோற்றை மூன்று மாசம் தின்றுகொண்டு, "குழம்புல உப்பு ஜாஸ்தி" என்று குறை வேறு சொன்னாரே, அதுதான் ஆறவில்லை. இந்த மனுஷனுக்காகவா ஆடிக்கு ஆடி கூழ் ஊற்றினேன்?

14, ஞாயிறு

வெயில். வ.வைக் காலையிலேயே அக்காவிடம் விட்டுவிட்டேன். அங்கே இட்லி.

அடுப்பு பற்றவைக்கவில்லை. பன்னிரண்டரைக்குக் குளித்துவிட்டு வந்து மணை போட்டு உட்கார்ந்தார். "சோறு?"

"வடிக்கல. இனிமே இந்த அடுப்படியில வடிக்கவும் மாட்டேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கிளப்புக்குக் கிளம்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டே, "சாயந்தரத்துக்குள்ள வசந்தாவ வரச் சொல்லு. ராத்திரிக்கு அவ சமைக்கட்டும்" என்றார்.

வரச் சொல்லமாட்டேன்.