வலது விலாவுக்குக் கீழே

தம்பிக்கு,

ஃபோனை எடுக்க மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துவிடாதே.

போன வாரம் எனக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதமாகச் சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே பிடுங்கும். முப்பது வயதில் வாயுவைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது என்று மாத்திரையை விழுங்கிவிட்டுத் தைக்க உட்கார்ந்துவிடுவேன். கடைசியில் குளிர்காய்ச்சலோடு தையல் மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டேன்.

"கல்லு அடைச்சு, பை சீழ் பிடிச்சிருக்கும்மா. இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்த?" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே ஆபரேஷன். பிழைத்துக்கொண்டேன்.

பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. அவளுக்கும் இதேதான், ஆனால் பை உள்ளேயே வெடித்த பிறகுதான் கொண்டுவந்தார்கள். "சரியாயிடும்லக்கா?" என்று கேட்டாள். சரியாகிவிடும் என்றேன். மறுநாள் அந்தப் படுக்கைக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இன்று அம்மா என்னைப் பார்க்க வந்தாள். நீயும் சாப்பிட்டதும் வலது பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறாயாம். இரண்டு நாளாகக் காய்ச்சலாம். "சின்ன வயசு, அவனுக்கு என்ன!" என்று சிரிக்கிறாள்.

நம் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கடிதம் கொண்டுவந்த உன் மாமா வண்டியை அணைக்காமல் வாசலில் நிற்கிறார். சட்டையை மாட்டிக்கொண்டு ஏறு.

உன் அக்கா