கான் தண்ணீர்ப் போத்தல்

செவ்வாய், இரவு

பொதுமக்களுக்கோர் அறிவித்தல்: கட்டுகஸ்தோட்டையிலேயே மிகச் சுத்தமான கழிவுநீர்க் கான், வாப்பாவின் மோட்டார்சைக்கிள் கழுவும் கடைக்குப் பின்னால்தான் ஓடுகிறது. காரணகர்த்தா நான்.

கழிவுநீரைச் சோதிக்க வந்த மாநகர சபை அதிகாரி, கான் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வைத்துவிட்டுப் பிளேன்டி குடிக்கப் போனார். அதில் எண்ணெய் இருந்தால் கடையை மூடிவிடுவார்களே என்று, அதை ஊற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன்.

திரும்பி வந்தவர் சோதனைத் தாளைத் தோய்த்துவிட்டு வாப்பாவைக் கூப்பிட்டார்.

"நானா, இதுல குளோரின் காட்டுது. உங்க கான்ல பைப் தண்ணியா ஓடுது? போத்தலை மாத்தினது யாரு?"

"நான் தொடவுமில்ல சேர். எண்ணெய் வடிக்கத் தொட்டி கட்டியாச்சு. வேணுமெண்டா புதுசா எடுத்துப் பாருங்க," என்றார் வாப்பா.

புதிதாக எடுத்ததில் எண்ணெய்ப் படலமே இல்லை. ஆனாலும் ஏமாற்று வேலைக்கு விளக்கம் சொல்ல வாப்பா நாளை சபைக்குப் போக வேண்டும்.

அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் டயர்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். இப்போது சொல்லிவிடலாமென்று அவர் அறைக் கதவுவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.